குழு நோட்டு யார் எழுதியது?

கேள்வி: எனக்கு 41 வயது. தேனி மாவட்டத்தில் ஒரு சிறிய ஊர். கணவர் தவறி இரண்டு வருடம் ஆகிறது. அவர் நடத்திய மளிகைக் கடையைக் கொழுந்தனார் பார்த்துக்கொண்டு, மாதம் 12,000 ரூபாய் தருகிறார். மாமியார் எங்களோடு இருக்கிறார். கடையை நானே நடத்த ஆசை. ஆனால் சின்ன வயதிலிருந்தே எனக்குக் கணக்கு வராது. எட்டாம் வகுப்பில் வாத்தியார் எல்லோர் முன்னாலும் "உனக்கு அடுப்பங்கரைதான்" என்றது இன்னும் காதில் கேட்கிறது. மகளிர் குழு நோட்டை ஒன்பது வருடமாக எழுதுகிறேன், அது வெறும் கூட்டல் கழித்தல். கடைக் கணக்கு அப்படியா? ஒன்பதாவது படிக்கும் மகளுக்கும் கணக்கு வரவில்லை, என் ராசி. தன்னம்பிக்கை வர என்ன செய்யலாம்?

பதில்: தன்னம்பிக்கைக்கு என்னிடம் மருந்து இல்லை. அந்த வாத்தியாரையும் விட்டுவிடுவோம், 28 வருடமாக அவரைச் சுமந்தது போதும்.

போகிற போக்கில் "வெறும் கூட்டல் கழித்தல்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. குழுவில் ஒருத்தி ரெண்டு வட்டிக்கு 15,000 வாங்கிப் பத்துத் தவணையில் கட்டுகிறாள் என்று வையுங்கள். முதல் மாதம் அசல் 1,500, வட்டி 300. அடுத்த மாதம் வட்டி 13,500-க்குத்தான், அதாவது 270. மூன்றாம் மாதம் அவள் வீட்டில் ஒரு சாவு, வட்டி 240 மட்டும் கட்டுகிறாள். அசல் 12,000 அப்படியே நிற்கிறது, தவணை ஒன்று தள்ளிப்போகிறது. இதை அவளுடைய பாஸ்புக்கிலும் பேரேட்டிலும் ஏற்றி, கையிருப்பும் வங்கிப் பாஸ்புக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதானே கூட்டத்தை முடிப்பீர்கள்? பன்னிரண்டு பேரோ இருபது பேரோ, அத்தனை பேருக்கும் இப்படி. பத்து ரூபாய் இடித்தால் அன்றைக்கே தெருவில் சண்டை வந்திருக்கும். ஒன்பது வருடமாக நோட்டு உங்கள் கையை விட்டுப் போகவில்லை.

தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989-இல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கியபோது கைநாட்டு வைத்துச் சேர்ந்தவர்கள் உண்டு. அவர்களில் பலர் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதே குழுவில்தான். நீங்கள் எட்டாம் வகுப்பு வாத்தியாரைக் காட்டுகிறீர்கள்!

கடையில் புதிதாகப் படிக்க வேண்டியது உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். பருப்பு மூட்டை என்ன விலைக்கு வந்தது, வண்டு தின்றது போக எத்தனை கிலோ தேறும், பற்று நோட்டில் யார் பெயரில் எவ்வளவு நிற்கிறது. ஆறு மாதம் கல்லாவில் உட்கார்ந்தால் வந்துவிடும்.

அப்புறம் ஏன் இரண்டு வருடமாகத் தயக்கம்? என் அனுமானத்தைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கணக்கு வரும் என்று ஒப்புக்கொண்டால், கொழுந்தனார் எதிரே உட்கார்ந்து "தம்பி, போன வருடம் கடையில் என்ன நின்றது?" என்று கேட்டாக வேண்டும். அந்தப் பேச்சு உங்களுக்கு வரவில்லை. கணக்கு வராது என்றால் கேட்கவே வேண்டாம், எவ்வளவு வசதி.

அவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. அண்ணன் போன பிறகு கடை பூட்டிக் கிடந்திருந்தால் பற்று வைத்தவர்களில் பாதிப் பேருக்கு மறதி வந்திருக்கும். அந்த உழைப்புக்கு நல்ல சம்பளமாகவே போடுங்கள். ஆனால் சம்பளம் வேறு, கடை வேறு. கடை உங்கள் கணவரின் சுய சம்பாத்தியமாக இருந்து, உயில் எழுதாமல் அவர் போயிருந்தால், நீங்கள் இந்து என்கிறபட்சத்தில் 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகள், அவருடைய தாய் ஆகியோருக்குச் சமபங்கு. இவர்கள் இருக்கும்போது தம்பிக்குப் பங்கு இல்லை. வாரிசுச் சான்றிதழ் இன்னும் எடுக்கவில்லை என்றால் நாளைக்கே இ-சேவை மையத்துக்குப் போங்கள்.

உறவு கெட்டுவிடும் என்று கேட்காமல் இருந்து, பத்து வருடம் கழித்துப் பஞ்சாயத்தில் முகம் திருப்பி உட்கார்ந்த குடும்பங்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். உங்கள் மகளுக்குச் சேர வேண்டியதை நீங்கள் அளக்காமல் வேறு யார் அளப்பது?

அவளுக்கு ராசியாம்! பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்க வேறு எதுவும் கிடைக்கவில்லையா?

வருகிற ஞாயிற்றுக்கிழமை மாமியாரையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள். பேச்சு அவர் முன்னால் நடக்கட்டும். பற்று நோட்டையும் கொள்முதல் பில்லையும் கேட்டு வாங்கி, குழுவுக்குக் கோடு போடுவதைப் போலவே புது நோட்டில் கோடு போடுங்கள். மகள் பக்கத்தில் உட்காரட்டும். நீங்கள் எழுத எழுத, கூட்டிச் சொல்வது அவள் வேலை.