எல்லாக் கருவிக்கும் காலிபரேஷன் சான்றிதழ் இருக்கிறது, ஆனாலும் பாகங்கள் அளவு தவறு என்று திரும்பி வருகின்றன. அப்படியென்றால் காலிபரேஷனால் என்ன பயன்?

கேட்டவர் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறார். வெர்னியர், மைக்ரோமீட்டர் என்று அளக்கும் கருவி எல்லாவற்றிலும், தெரிந்த அளவோடு ஒப்பிட்டுச் சோதித்ததற்கான (காலிபரேஷன்) ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது, தேதியும் முடியவில்லை. இருந்தும் வாடிக்கையாளர் ஷாஃப்ட்டுகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். வருடாவருடம் கட்டும் பணம் வீண்தானா என்று வருத்தத்தோடு கேட்டிருக்கிறார்.

வீண் இல்லை. ஆனால் சான்றிதழின் இரண்டாம் பக்கத்தை யாரும் படிக்காவிட்டால் அந்தப் பணத்தில் பெரும்பகுதி வீண்தான். எனக்கும் இதே அடி விழுந்திருக்கிறது, அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கோயம்புத்தூரில் பம்ப் பாகங்கள் கடையும் ஒரு நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்ந்த புதிது. 20 மி.மீ. ஷாஃப்ட், டாலரன்ஸ் (அளவு எவ்வளவு மாறலாம் என்ற வரம்பு) எச்6. அதாவது 19.987 முதல் 20.000 வரை இருக்கலாம். மொத்த இடமே 13 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 13 பங்கு. நாங்கள் ஒவ்வொன்றாக அளந்து அனுப்பிய ஒரு பெட்டி அப்படியே திரும்பி வந்தது. அவர்களுடைய ‘கோ’ ரிங் கேஜ், அதாவது சரியான ஷாஃப்ட் நுழைந்தே ஆக வேண்டிய சோதனை வளையம், பல ஷாஃப்ட்டுகளில் நுழையவே இல்லை. எங்கள் மைக்ரோமீட்டரில் மறுபடி வைத்துப் பார்த்தால் 19.998, 19.997 என்று அழகாகக் காட்டுகிறது. காலையில் ஷிஃப்ட் தொடங்கும்போது ஜீரோவும் பார்த்திருந்தோம், சரியாக இருந்தது. வாடிக்கையாளருடைய கேஜ்தான் தேய்ந்திருக்கும் என்று நான் வாதாடினேன். ‘கோ’ ரிங் கேஜ் தேய்ந்தால் துளை பெரிதாகும், ஷாஃப்ட் இன்னும் சுலபமாக நுழையும் என்பதுகூட அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மூத்தவர் ஒருவர் ஃபைலை எடுத்து வரச் சொன்னார். சான்றிதழின் முதல் பக்கத்தில் எங்கள் பெயர், கருவியின் எண், தேதிகள். இரண்டாம் பக்கத்தில் ஒரு பட்டியல். அதில் 20.2 மி.மீ. என்ற வரிக்கு நேராக பிழை −6 மைக்ரான் என்று இருந்தது. கருவி 6 மைக்ரான் குறைத்துக் காட்டுகிறது என்று ஆய்வகம் எழுதியே கொடுத்துவிட்டது. 19.998 என்று நாங்கள் படித்த ஷாஃப்ட் உண்மையில் 20.004. ஏழு மாதமாக அந்தத் தாள் எங்கள் அலமாரியில் இருந்தது.

ஜீரோ சரியாக இருந்தும் 20-இல் ஏன் தப்பியது? அந்த மைக்ரோமீட்டர் ஆண்டுக்கணக்கில் அதே ஒரு ஷாஃப்ட்டைத்தான் அளந்துகொண்டிருந்தது. உள்ளே இருக்கும் ஸ்க்ரூவின் மரை அந்த ஒரு பகுதியில் மட்டும் தேய்ந்துவிட்டது. தேய்ந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் சுற்றினால்தான் ஸ்பிண்டில் (நகரும் தண்டு) வேலைப்பொருளைத் தொடும். அந்தக் கூடுதல் சுற்று அளவைக் குறைத்துக் காட்டும். ஜீரோ வரும்போது ஸ்க்ரூவின் வேறு பகுதி வேலை செய்கிறது, அது புதிதுபோல இருக்கும்.

இங்கேதான் காலிபரேஷன் செய்பவர்களின் வேலை எவ்வளவு யோசித்து அமைக்கப்பட்டது என்று எனக்குப் புரிந்தது. 0–25 மைக்ரோமீட்டரை 5, 10, 15, 20, 25 என்று சோதித்தால் போதாதா என்று தோன்றும். ஆனால் வழக்கமாகப் பயன்படும் ஸ்லிப் கேஜ் (அளவு துல்லியமாகத் தெரிந்த கட்டை) அளவுகள் 2.5, 5.1, 7.7, 10.3, 12.9, 15.0, 17.6, 20.2, 22.8, 25.0. விசித்திரமான எண்கள். காரணம், ஸ்க்ரூ ஒரு முழுச் சுற்றுக்கு 0.5 மி.மீ. நகர்கிறது. 5, 10, 15 என்று பார்த்தால் ஒவ்வொரு முறையும் திம்பிள் (கையால் சுற்றும் உருளை) அதே கோணத்தில் வந்து நிற்கும். ஒரு சுற்றுக்குள் இருக்கும் கோளாறு கண்ணில் படாது. 5.1-இல் பத்துச் சுற்றும் ஐந்தில் ஒரு பங்கும், 7.7-இல் பதினைந்து சுற்றும் ஐந்தில் இரண்டு பங்கும் என்று கோணம் மாறிக்கொண்டே போகும். நீளவாக்கிலும் சுற்றுவாக்கிலும் ஒரே பட்டியலில் பிடித்துவிடலாம். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அந்தப் பட்டியலைப் படிக்காமல் நான் எந்தச் சான்றிதழையும் ஃபைலில் வைத்ததில்லை.

தமிழில் நாம் ‘அளவுத்திருத்தம்’ என்று எழுதுகிறோம். நல்ல சொல்தான், ஆனால் அதிலுள்ள ‘திருத்தம்’ பலரை ஏமாற்றிவிடுகிறது. ஆய்வகத்துக்கு அனுப்பினால் கருவியைத் திருத்தி அனுப்புவார்கள், திரும்பி வந்ததும் அது சரியாக இருக்கும் என்று நினைக்கிறோம். காலிபரேஷன் என்பது ஒப்பிட்டுப் பார்ப்பது. தெரிந்த ஒரு அளவை வைத்து, உங்கள் கருவி என்ன காட்டுகிறது, வித்தியாசம் எவ்வளவு என்று எழுதித் தருவது. அட்ஜஸ்ட் செய்வது தனி வேலை, தேவைப்பட்டால் நீங்கள் கேட்க வேண்டும். அப்படிச் செய்தால், திருத்துவதற்கு முன் என்ன காட்டியது, பின் என்ன காட்டியது என்று இரண்டு எண்களையும் கேட்டு வாங்குங்கள். முன் எண் இல்லாவிட்டால், போன ஆறு மாதம் அனுப்பிய சரக்கு நல்லதா என்ற கேள்விக்கு உங்களிடம் பதிலே இருக்காது. கருவி தப்பாக இருந்தது தெரிந்தால் அதை வைத்து முன்பு அளந்தவற்றின் நிலை என்ன என்று ஐஎஸ்ஓ 9001 என்ற தர மேலாண்மைத் தரநிலையும் கேட்கிறது.

கடைத் தராசுக்கு வைக்கும் அரசு முத்திரையும் இதுவும் ஒன்றல்ல. முத்திரை என்பது சட்டப்படி எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்து, இருக்கிறது என்று சொல்வது. பட்டறைக் கருவிக்கு அந்த எல்லையை முடிவு செய்ய வேண்டியது நீங்கள்.

சான்றிதழில் பிழைக்குப் பக்கத்தில் இன்னொரு எண் இருக்கும், அன்சர்டெயின்ட்டி என்று. ‘±2 மைக்ரான், கே = 2’ என்பதுபோல. ஆய்வகம் சொல்லும் பிழையே எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பதை அது சொல்கிறது. கே = 2 என்றால், சுமார் 95 சதவீத நம்பிக்கையோடு உண்மை அந்த வட்டத்துக்குள் இருக்கும். என் ஷாஃப்ட்டுக்கு இருந்த இடம் 13 மைக்ரான். 6 மைக்ரான் பிழையும் 2 மைக்ரான் ஐயமும் உள்ள கருவியைத் திருத்தம் போடாமல் அங்கே பயன்படுத்தினால், பாதிக்கு மேல் டாலரன்ஸைக் கருவியே தின்றுவிடும். அதே மைக்ரோமீட்டரை ±0.1 மி.மீ. உள்ள வேலைக்கு வைத்தால் ஒரு குறையும் இல்லை. கருவி ‘பாஸா, ஃபெயிலா’ என்று தனியாகக் கேட்க முடியாது. எந்த வேலைக்கு என்று சேர்த்தே கேட்க வேண்டும். டாலரன்ஸில் பத்தில் ஒரு பங்குக்குள் கருவியின் தவறு இருக்க வேண்டும் என்பது பழைய பட்டறை வழக்கம். நான்கில் ஒரு பங்கு வரை பலர் ஏற்பார்கள். அதற்கு மேல் போனால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அப்புறம், வெப்பம். இதை நம் ஊரில் இருப்பவர்கள் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும். நீள அளவுகளுக்கு உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். நம் பட்டறையில் மதியம் 35 சாதாரணம். இரும்பு வேலைப்பொருளும் இரும்புக் கருவியும் ஒரே வெப்பத்தில் இருந்தால் இரண்டும் ஒன்றாக நீளும், பெரும்பாலும் தப்பித்துவிடுவோம். அலுமினியம் வந்தால் கதை வேறு. இரும்பு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு சுமார் 11.5 மைக்ரான் நீளும், அலுமினியம் சுமார் 23. 150 மி.மீ. அலுமினிய ஹவுசிங்கை 35 டிகிரியில், அதே வெப்பத்திலுள்ள இரும்புக் கருவியால் அளந்தால், கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் 25 மைக்ரானுக்கு மேல் கூடுதலாகக் காட்டும். லேத்திலிருந்து இறக்கிய சூட்டோடு அளந்தால் இரும்புக்கும் இதே கதிதான். உங்கள் பட்டறையில் ஷாஃப்ட்டை இறக்கிய உடனே அளக்கிறார்களா, ஆறவிட்டு அளக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். சூட்டில் சரியாக அளந்தது ஆறினால் சிறுத்துவிடும். உங்களுக்குத் திரும்பி வந்தவை அளவு குறைந்தவை என்றால், என் முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

பிரஷர் கேஜ் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவற்றைச் சோதிக்கும் டெட் வெயிட் டெஸ்டரில் பிஸ்டன்மேல் எடை வைத்து அழுத்தத்தை உண்டாக்குகிறார்கள். எடை கீழே இழுக்கும் விசை புவியீர்ப்பைப் பொறுத்தது. எடைகள் ஈர்ப்பு 9.80665 மீ/வி² என்ற பொது மதிப்புக்குச் செய்யப்பட்டிருந்தால், கோயம்புத்தூரில் ஈர்ப்பு ஏறக்குறைய 9.78 தான்; கிடைக்கும் அழுத்தம் கால் சதவீதத்துக்குச் சற்று மேல் குறைந்துவிடும். சாதாரண கேஜுக்கு இது பெரிதில்லை. கால் சதவீதத் துல்லியமுள்ள டெஸ்ட் கேஜை அதில் சோதித்தால் நல்ல கேஜ் குறைவாகக் காட்டுவதுபோலத் தெரியும், யாராவது அதைத் ‘திருத்தி’க் கெடுத்தும்விடுவார்கள். அந்த ஊர் ஈர்ப்புக்குக் கணக்குப் போட்டார்களா என்று ஆய்வகத்தைக் கேளுங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே அவர்களின் தரம் தெரிந்துவிடும்.

ஒரு வருடம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்றும் கேட்டிருந்தீர்கள். அது வழக்கம், விதி இல்லை. இடைவெளியை முடிவு செய்வது கருவியின் சொந்தக்காரர். ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ 17025 தரநிலைப்படி, நீங்கள் ஒப்புக்கொண்டால் தவிர, ‘அடுத்த தேதி’ என்று ஆய்வகம் தானாகப் போடவே கூடாது. மூன்று சுற்றுச் சான்றிதழ்களை வரிசையாக வைத்து, ஒரே புள்ளியில் பிழை எப்படி நகர்கிறது என்று பாருங்கள். அசையவே இல்லை என்றால் இடைவெளியை நீட்டலாம். மூன்று மூன்று மைக்ரானாக ஏறுகிறது என்றால் ஆறு மாதமாகக் குறையுங்கள். ஒரு நாளைக்கு முந்நூறு முறை அளக்கும் கருவிக்கும் மாதம் ஒருமுறை பெட்டியிலிருந்து வெளியே வரும் கருவிக்கும் ஒரே தேதி போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கருவி கீழே விழுந்தால் தேதியே கிடையாது, அன்றைக்கே சோதிக்க வேண்டும். விழுந்ததைச் சொல்லும் தொழிலாளியைத் திட்டாதீர்கள். ஒருமுறை திட்டினால் அடுத்த முறை விழுந்தது உங்களுக்குத் தெரியவே வராது.

ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் இந்திய அமைப்பு) அங்கீகாரம் இருக்கிறதா என்பதோடு நிற்காமல், உங்கள் கருவி வகையும் அளவு வரம்பும் அந்த அங்கீகாரத்தில் அடங்குகிறதா என்று அவர்களுடைய ஸ்கோப்பைப் பாருங்கள். வெப்பத்துக்கு அங்கீகாரம் வாங்கிய இடம் மைக்ரோமீட்டருக்கும் வாங்கியிருக்கும் என்று சொல்ல முடியாது. அவர்களின் ஸ்லிப் கேஜ் எங்கே சோதிக்கப்பட்டது, அது எங்கே என்று மேலே மேலே போனால் புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் போன்ற ஒரு நாட்டின் மூல அளவில் போய் முடிய வேண்டும். இடையில் கண்ணி அறுந்தால் சான்றிதழுக்கு மதிப்பில்லை.

பெரிய செலவு வேண்டாம். நீங்கள் அதிகம் அளக்கும் இரண்டு மூன்று அளவுகளுக்கு மட்டும் ஸ்லிப் கேஜ் வாங்கி, அவற்றைக் காலிபரேட் செய்து வையுங்கள். 20 மி.மீ. ஷாஃப்ட் ஓடுகிறது என்றால் 20 மி.மீ. துண்டு ஒன்று. காலையில் ஜீரோ பார்த்ததும் அதையும் ஒருமுறை வைத்துப் பார்த்து, காட்டிய எண்ணை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். வெறும் கையால் வெகுநேரம் பிடிக்காமல், துடைத்து எண்ணெய் தடவி வைக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் இடத்தில் அந்தப் பெட்டி திரும்பிய மறுவாரமே இதைத் தொடங்கினோம். தேய்ந்த மைக்ரோமீட்டரை 20 மி.மீ. வேலையிலிருந்து எடுத்து, அகலமான டாலரன்ஸ் உள்ள பாகங்களுக்கு மட்டும் என்று பெட்டியிலேயே எழுதி ஒட்டினோம்.

திரும்பி வந்த ஷாஃப்ட்டின் அளவு, அதற்குப் பக்கத்துப் புள்ளியில் உங்கள் சான்றிதழ் சொல்லும் பிழை, அன்சர்டெயின்ட்டி, அளந்தபோது பாகம் சூடாக இருந்ததா என்ற தகவல், இந்த நான்கையும் எழுதுங்கள். எங்கே தப்பியது என்று சேர்ந்து பார்த்துவிடலாம்.