உறுதி எழுதுவதா, தொழிலாளிக்கு வழக்காடுவதா?

கேள்வி: சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்து மூன்று மாதம் ஆகிறது. வேலை இழந்தவர்களுக்காகத் தொழில் நியாய சபையில் வாதாட விருப்பம். “காணி உறுதி எழுது, காணி வழக்கு எடு. சம்பளம் இல்லாதவனிடம் நீ என்ன சம்பளம் வாங்குவாய்?” என்கிறார் அப்பா. யார் சொல்வது சரி?
– வாசகி, கொக்குவில்

பதில்: பிள்ளை, அப்பா சொல்வதில் பாதி சரி. யாழ்ப்பாணத்தில் இளம் சட்டத்தரணியின் அடுப்பை எரியவைப்பது காணியும் உறுதியுந்தான். உறுதி எழுத அதிகாரமுள்ள நொத்தாரிசாகவும் பதிந்துகொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு உறுதி எழுதினால், கட்டணத்தைத் தவணையில் தருபவரின் கோப்பை மனம் கோணாமல் திறக்கலாம். நானும் அப்படித்தான் ஓட்டினேன்.

உங்களிடம் வரப்போகிறவர் பெரும்பாலும் ஆலைத் தொழிலாளி அல்லர். ஒன்பது வருடம் புடவைக்கடையில் நின்ற பெண்ணாக இருப்பார். நியமனக் கடிதம் கிடையாது. முதலாளி ஊரவர், சிலவேளை உறவினர். “நாளையிலிருந்து வரவேண்டாம்” என்று வாயால் சொல்லியிருப்பார். அந்தப் பெண் முதலில் மாமாவிடம் போவார், பிறகு கோயில் தர்மகர்த்தாவிடம், பிறகு பாடசாலை அதிபரிடம். எல்லோரும் “பேசிப் பார்க்கிறேன்” என்பார்கள். வேலைநீக்கம் நடந்து ஆறு மாதத்துக்குள் நியாய சபையில் விண்ணப்பம் கொடுத்தாக வேண்டும். உங்கள் வாசலுக்கு அவர் வரும்போது ஐந்தாவது மாதம் முடிந்திருக்கும். ஆகவே கதையைக் கேட்குமுன் திகதியைக் கேளுங்கள்.

முதலாளி தரப்பின் பதில் எனக்கு மனப்பாடம்: “நாங்கள் நிறுத்தவில்லை, அவரே வராமல் நின்றுவிட்டார்.” நீக்கியதை முதலாளி ஒப்புக்கொண்டால், அதற்கான நியாயத்தை அவர்தான் முதலில் காட்டவேண்டும். மறுத்தாரோ, நீக்கினார் என்று நிறுவும் சுமை உங்கள் கட்சிக்காரரின் தலையில் விழும். அதனால், வேலைக்கு வரத் தயாராக இருப்பதாக ஒரு கடிதத்தை உடனே பதிவுத் தபாலில் அனுப்பச் செய்யுங்கள். ஊழியர் சேமலாப நிதி (EPF) இலக்கம், வங்கிப் புத்தகம், முதலாளியின் குறுஞ்செய்தி, கடை வாணி விழாவில் எடுத்த படம் என்று எது கிடைத்தாலும் வாங்கி வையுங்கள். எதைச் சான்றாக ஏற்கலாம் என்று வகுக்கும் சான்றுக் கட்டளைச் சட்டம் நியாய சபையைக் கட்டிப்போடுவதில்லை. இது உங்களுக்குப் பெரிய வசதி.

15 பேருக்குக் குறைந்த கடையென்றால் பணிக்கொடை (வேலை முடியும்போது சேவைக்காலத்துக்காகக் கிடைக்கும் பணம்) இல்லை என்று சொல்லி ஆளைத் திருப்பி அனுப்பும் சட்டத்தரணிகளைப் பார்த்திருக்கிறேன். எனக்குக் கோபம் வரும். 1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் 15 பேரும் அதற்கு மேலும் உள்ள இடங்களுக்கு உரியது. அதற்குக் குறைந்த இடத்தவர் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழ் நியாய சபையிலேயே கேட்கலாம். கஸ்தூரியார் வீதியில் 15 பேர் நிற்கும் கடைகளை எண்ணிப்பாருங்கள், இதன் அருமை விளங்கும். சேமலாப நிதிக்கு அந்த ஆள்கணக்கே கிடையாது: தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம். கட்டாமல் விட்டிருந்தால் தொழில் திணைக்களத்தில் முறையிடச் செய்யுங்கள்.

குறுக்கு விசாரணையைப் புத்தகத்தில் படிக்க முடியாது. இவ்வகை வழக்குகள் பேசும் ஒரு மூத்தவரிடம் ஒரு வருடமாவது கோப்புத் தூக்குங்கள்.

இன்னொன்று. ஊர் சிறியது. நீங்கள் கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்கும் முதலாளி, கோயில் திருவிழாவில் அப்பாவுக்குப் பக்கத்தில் நிற்பவராகவும் இருக்கலாம். அப்பாவின் பயம் பணத்தைப் பற்றியதுதானா என்று ஒருநாள் ஆறுதலாக அவரிடம் கேட்டுப்பாருங்கள்.