ஆண்டீஸ் மலைத் திருவிழாக்கள்: கேளுங்கள், சொல்கிறேன்

பெரு, பொலிவியா பக்கம் திருவிழா பார்க்கக் கிளம்புகிறவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும். பெருவின் குஸ்கோ வட்டாரம்தான் எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் அதைப் பற்றியே அதிகம் இருக்கும்.

கே: அக்கா, ஜூனில் குஸ்கோ போகிறோம். இந்தி ராய்மி டிக்கெட் விலையைக் கேட்டாலே மயக்கம் வருகிறது. வாங்கித்தான் ஆகவேண்டுமா?

வேண்டாம். இந்தி ராய்மி என்பது இன்கா மக்களின் சூரிய விழா. ஜூன் 24 அன்று அது மூன்று இடங்களில் நடக்கும்: காலையில் கோரிகாஞ்சா என்ற பழைய சூரியக் கோயில், பிறகு ஊர் நடுவே பிளாசா டி அர்மாஸ் சதுக்கம், மதியம் சக்சைவமான் கோட்டை. டிக்கெட் கோட்டையில் உட்கார்ந்து பார்க்கும் இருக்கைக்குத்தான். முதல் இரண்டையும் கூட்டத்தோடு நின்றே பார்க்கலாம். கோட்டையைச் சுற்றியுள்ள மேடுகளில் உள்ளூர்க் குடும்பங்கள் மண்கட்டி அடுக்கிய சூளையில் உருளைக்கிழங்கைச் சுட்டுத் தின்றபடி பார்ப்பார்கள். நானாக இருந்தால் அங்கேதான் உட்காருவேன்.

ஆனால் அது ஒரு நாடகம். பழைய சூரிய விழாவை ஸ்பானியர்கள் 16ஆம் நூற்றாண்டிலேயே தடை செய்துவிட்டார்கள். இப்போது நடப்பது 1944இல் குஸ்கோக்காரர்கள் புதிதாக எழுதி மேடையேற்றியதன் தொடர்ச்சி. இன்கா அரசராக வருபவர் நடிகர், வசனம் கெச்சுவா மொழி, லாமா என்ற ஒட்டக இன விலங்கைப் பலி கொடுப்பதும் பாவனைதான். அந்த ஊர்க்காரர்களுக்கு அதில் பெருமை உண்டு, அது நியாயமும்கூட. சாமி கும்பிடும் இடம் தேடிப் போகிறவர்களுக்கு அது இல்லை, அவ்வளவுதான்.

கே: அப்படியானால் நிஜமான வழிபாடு எங்கே?

கொய்லுர் ரித்தி. கார்ப்பஸ் கிறிஸ்டி என்ற கத்தோலிக்கத் திருநாள் வரும் வியாழனுக்கு முந்தைய நாட்களில், சினகாரா பள்ளத்தாக்கில், சுமார் 4,600 மீட்டருக்கு மேலே. மவயானி என்ற ஊரில் வண்டி நின்றுவிடும். அங்கிருந்து ஏறக்குறைய 8 கிலோமீட்டர் ஏற்றம். பாறையில் தெரியும் கிறிஸ்துவுக்குத்தான் திருவிழா. ஆனால் மேலே நிற்கும் பனிமலையும் அவர்களுக்குத் தெய்வம். இரண்டுக்கும் நடுவே அவர்கள் கோடு போடுவதில்லை, நாமும் போட வேண்டாம்.

அங்கே உகுகு என்றொரு கூட்டத்தார் உண்டு. பாதி கரடி, பாதி மனிதன் வேடம். பின்னிய முகமூடி, கையில் சாட்டை, கீச்சுக் குரல். விளையாட்டு காட்டுவதும் அவர்கள்தான், ஒழுங்கு காப்பதும் அவர்கள்தான். மது அருந்தினால் சாட்டை பேசும். முன்பெல்லாம் இரவில் பனியாற்றில் ஏறி, விடிந்ததும் பனிக்கட்டிகளை முதுகில் சுமந்து இறங்குவார்கள். மருந்து என்று ஊருக்குக் கொண்டுபோவார்கள். பனி சுருங்கிக்கொண்டே வருவதால் வெட்டி எடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

இன்னொன்றும் பாருங்கள். யாத்ரீகர்கள் சிறு கற்களை அடுக்கி வீடு கட்டுவார்கள், பொம்மை லாரியும் காகிதப் பணமும் வாங்குவார்கள். இந்த வருஷம் என்ன வேண்டுமோ அதைச் சின்னதாகச் செய்து வைத்துக் கேட்பது. தொட்டில் கட்டி வேண்டிக்கொள்ளும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டாம்.

இரவில் குளிர் உறைநிலைக்குக் கீழே போகும். குஸ்கோவில் சில நாள் தங்கி உடம்பைப் பழக்காமல் போகவே போகாதீர்கள்.

கே: ஹோட்டலில் 'ஷாமன் பூஜை' ஏற்பாடு செய்கிறார்களாம். ஏமாற்று வேலையா?

எல்லாமே ஏமாற்று இல்லை. பச்சமாமாவுக்கு, அதாவது பூமித்தாய்க்கு, படையல் வைப்பது ஆகஸ்டில் வீட்டுக்கு வீடு நடக்கும். அப்போது பூமி வாய் திறந்து பசியோடு இருக்கிறாள் என்பது நம்பிக்கை. ஒரு காகிதத்தில் கோகா இலை, மிட்டாய், சோளம், லாமா கொழுப்பு, வண்ண நூல் என்று அடுக்கி, மடித்துக் கட்டி எரிப்பார்கள். மூன்று முழு இலைகளைச் சேர்த்துப் பிடித்து, மலைகளின் பெயர் சொல்லி ஊதுவதுதான் அதன் உயிர். உங்கள் கையிலும் மூன்று இலை கொடுத்தால் ஒழுங்காக ஊதுங்கள், செல்பி எடுக்காதீர்கள். இதோடு போதைக் கஷாயத்தையும் சேர்த்து விற்றால் விலகிவிடுங்கள். அது அமேசான் காட்டு வழக்கம். மலைப் படையலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கே: கோகா இலையை ஊருக்குக் கொண்டு வரலாமா?

கூடவே கூடாது. பெருவிலும் பொலிவியாவிலும் மெல்லலாம், டீ குடிக்கலாம். இந்தியச் சட்டப்படி அது போதைப்பொருள். டீ பையும் அதில் அடக்கம்.

கே: நான் சுத்த சைவம் சார். பட்டினிதானா?

சார் இல்லை, அக்கா! பட்டினி இல்லை, ஆனால் திருவிழாச் சாப்பாடு கிடைக்காது. கார்ப்பஸ் கிறிஸ்டியில் குஸ்கோ முழுக்க சிரி உச்சு விற்பார்கள்: கினிப்பன்றி, கோழி, உப்புக்கண்டம், மீன்சினை, கடற்பாசி எல்லாம் ஒரே தட்டில், ஆறவைத்து. நீங்கள் அவித்த சோளமும் பாலாடைக்கட்டியும் சாப்பிடலாம். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கோழி வரும். அதையும் வேண்டாமென்று தனியாகச் சொல்லுங்கள். சூப்பை நம்பாதீர்கள்.

கே: அப்பாவுக்கு 68 வயது, பிபி உண்டு. கூட்டிப்போகலாமா?

மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். சரி என்றால், குஸ்கோ 3,400 மீட்டர். இறங்கிய அன்றே சுமார் 500 மீட்டர் தாழ்வான உருபம்பா பள்ளத்தாக்குக்குப் போய்த் தங்குங்கள். கொய்லுர் ரித்தி அவருக்கு வேண்டாம்.

கே: ஒரே ஒரு விழாதான் முடியும் என்றால்?

பௌகர்தம்போ. ஜூலை 15 முதல் 18 வரை, கார்மென் மாதாவுக்கு. ஊர் சின்னது, விழா ஊராருடையது. சக்ரா என்ற பேய் வேடக்காரர்கள் கூரையிலும் பால்கனியிலும் தொங்குவார்கள். மாதா சிலை கீழே ஊர்வலமாக வரும்போது பார்க்க முடியாமல் முகத்தை மூடிக்கொண்டு துடிப்பார்கள். 17ஆம் தேதி காலை நடனக் குழுக்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், இறந்துபோன ஆட்டக்காரர்களுக்காகப் பாடி அழுவார்கள். அங்கே கேமராவைப் பையில் வையுங்கள். அறை கிடைப்பது கஷ்டம், பல மாதம் முன்பே பேசி வையுங்கள். இல்லாவிட்டால் குஸ்கோவிலிருந்து விடியற்காலை வேன் பிடித்தால் மூன்று மணி நேரம்.