ஏரிக்கரையில் ஒரு வகுப்பு: கேட்டீர்கள், சொல்கிறேன்

கொடைக்கானலில் பதினெட்டு வருடமாகப் பள்ளிப் பிள்ளைகளை ஏரிக்கும் சோலைக்கும் கூட்டிப்போகிறேன். டூர் நேரம் நெருங்கினாலே கேள்விகள் குவியும். வந்தவற்றில் சிலவற்றுக்குப் பதில் இதோ.

அக்கா, எட்டாம் வகுப்பு, 60 பிள்ளைகள், ஒரே நாள். பேரிஜம் ஏரி, தூண் பாறை, படகு சவாரி எல்லாம் முடியுமா? (திண்டுக்கல் ஆசிரியர்)

முடியும் சார், நாள் முழுக்க வேனிலேயே போய்விடும். பேரிஜம், கொடைக்கானல் ஊரிலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல். வனத்துறை அனுமதி வேண்டும். யானை நடமாட்டம் என்றால் கேட்டை மூடிவிடுவார்கள், யார் சொன்னாலும் திறக்காது. அதனால் மாற்று இடம் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். 60 பேரை இரண்டு நாளாகப் பிரியுங்கள். பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்பது என் கணக்கு. ஒரு வருடம் நாற்பது பேருக்கு இரண்டே பேராகப் போனோம். ஒரு பையன் கரைச் சேற்றில் முழங்கால்வரை புதைந்து நின்றான், ஷூ இன்னும் அங்கேதான் கிடக்கும். அந்தக் கணக்கு அன்றைக்குப் பிறந்தது.

ஏரியைக் காட்டிவிட்டு என்ன சொல்லித்தர? பிள்ளைகள் போட்டோ எடுத்துவிட்டு 'அடுத்து எங்கே மிஸ்' என்கிறார்கள். (தேனி ஆசிரியை)

ஏரியைக் கடைசியில் காட்டுங்கள் டீச்சர். முதலில் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேட விடுங்கள். பேரிஜம் தண்ணீர்தான் கீழே பெரியகுளத்துக்குக் குடிநீர். உங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னாலே காது நிமிரும்.

பிறகு பைன் காட்டு ஓரத்தில் நிறுத்துங்கள். ஒரு கயிற்றை வட்டமாகப் போட்டு, உள்ளே இருப்பதை எண்ணச் சொல்லுங்கள். காய்ந்த ஊசி இலை, ஒன்றிரண்டு காய், அதோடு சரி. அதே கயிற்றைச் சோலை (இங்கே தானாக வளர்ந்த மலைக்காடு) ஓரத்தில் போட்டால் பாசி, காளான், மக்கிய இலை, முளைவிட்ட கன்று, மரவட்டை என்று எண்ணி மாளாது. இலைச்சருகைக் கையால் விலக்கிப் பார்க்கட்டும், அடியில் மண் கறுப்பாக, ஈரமாக, பஞ்சு மாதிரி அமுங்கும். இரண்டு இடத்திலும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, எது ஓடுகிறது, எது உறிஞ்சுகிறது என்று பார்க்கட்டும். பைனும் சீகையும் (வாட்டில் மரம்) தைலமரமும் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை என்பதை அதற்கப்புறம் சொன்னால் போதும். முதலிலேயே சொன்னால் அது வெறும் பாடம்.

தண்ணீர்ப் பூச்சி பிடித்துக் காட்டலாமா? என்ன கருவி வேண்டும்? (பழனி, அறிவியல் ஆசிரியர்)

சரணாலயத்துக்குள் கூடாது. 2013 முதல் இங்குள்ள காட்டின் பெரும்பகுதி கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம். ஊர்ப்பக்க ஓடையில், இடத்துக்காரரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். டீ வடிகட்டியைக் குச்சியில் கட்டுங்கள், கூடவே ஒரு வெள்ளைத் தட்டு, ஒரு ஸ்பூன். அவ்வளவுதான் கருவி.

கல்லைப் புரட்டினால் வாலில் மூன்று இழையோடு சப்பையாக ஒன்று ஒட்டியிருக்கும். அது மே ஈ என்ற பூச்சியின் இளம்பருவம், ஓடை பெரும்பாலும் நலமாக இருக்கிறது என்று பொருள். சேற்றில் சிவப்புப் புழுக்கள் மட்டுமே நெளிந்தால் ஆக்சிஜன் குறைந்த தண்ணீர் என்று சந்தேகப்படலாம். நம் ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபின் அதற்கும் உண்டு, சிவப்பு அதனால்தான். தட்டான் குட்டி கிடைத்தால் யோகம். பின்பக்கத்தால் தண்ணீரைப் பீய்ச்சி ராக்கெட் மாதிரிப் பாயும். எந்த வகுப்பும் சிரிக்காமல் இருந்ததில்லை. பார்த்ததும் அதே இடத்தில் விட்டுவிடுங்கள், புரட்டிய கல்லையும் பழையபடி வையுங்கள்.

என் மகளுக்கு அட்டை என்றாலே பயம். அனுப்பலாமா? (மதுரை, ஒரு அம்மா)

தாராளமாக அனுப்புங்கம்மா. பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகி அனுப்புங்கள். கடித்தால் பிடுங்கி இழுக்காமல், வாய்ப்பக்கம் நகத்தை நுழைத்துத் தள்ளினால் விழுந்துவிடும். ரத்தம் உறையாமலிருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால் கொஞ்ச நேரம் கசியும். அழுத்திப் பிடித்தால் நிற்கும்.

கொடைக்கானல் ஏரி இயற்கையானதா? (பத்தாம் வகுப்பு மாணவன்)

இல்லை தம்பி. 1863இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் கட்டியது. ஊட்டி ஏரியும் அப்படித்தான், 1820களில் கோவை கலெக்டர் சல்லிவன் காலத்து வேலை.

குறிஞ்சி பார்க்க முடியுமா? (அவன் தங்கை, ஏழாம் வகுப்பு)

நீலக்குறிஞ்சி 2018இல் பூத்தது கண்ணு, அடுத்தது 2030. அதுவரை செடியைப் பார்த்து வைத்துக்கொள். பூக்கும்போது நீ நன்றாக வளர்ந்திருப்பாய்.

பிள்ளைகள் கத்துகிறார்கள், ஒரு பறவையும் நிற்பதில்லை. (பெரியகுளம் ஆசிரியர்)

'சத்தம் போடாதே' என்றால் நடக்காது சார், வேலை கொடுங்கள். ஏரியில் முக்குளிப்பான் இருந்தால் அதிர்ஷ்டம். புறாவைவிடக் கொஞ்சம் சின்னதுதான், தலைகீழாக முங்கும். முங்கியதும் எல்லோரும் மனசுக்குள் எண்ண வேண்டும், எங்கே எழும் என்று விரலால் காட்ட வேண்டும், வாய் திறந்தால் அவுட். முப்பது பேரும் மூச்சை அடக்கி நிற்பார்கள். போன மாதம் ஒரு வாண்டு மூன்று தடவையும் சரியாகக் காட்டியது. எப்படிடா என்றேன். 'குமிழி வருது அக்கா, நீங்க பாக்கலையா?' என்றான். இத்தனை வருடத்தில் நான் பார்க்கவில்லை.