கூச்சம் யாருக்கு?

கேள்வி: விவாகரத்து ஆனவர்கள் ஐம்பது வயதில் மறுபடி காதலிப்பதை வைத்துக் காமெடிப் படம் எடுக்கிறார்கள். கல்லூரிக்குப் போகிற மகளை வைத்துக்கொண்டு அம்மா டேட்டிங் போவதைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. இந்த வயதில் இதெல்லாம் தேவையா?

பதில்: அறுபதைத் தொட்ட ஹீரோ, மகள் வயதுப் பெண்ணோடு மழையில் ஆடுகிறாரே, அப்போது கூச்சப்பட்டு நீங்கள் கடிதம் எழுதியதாக நினைவில்லை. அந்த ஓரவஞ்சனையையே கிண்டலடித்து நான்சி மையர்ஸ் 2003-ல் எடுத்த படம் ‘சம்திங்ஸ் காட்டா கிவ்’. இளம்பெண்களைத் தவிர யாரையும் ஏறெடுத்துப் பார்க்காத கிழட்டு மைனர் ஜாக் நிக்கல்சன், காதலியின் அம்மா வீட்டில் மாரடைப்பு வந்து சுருண்டு, கடைசியில் அந்த அம்மாவிடமே மனதைப் பறிகொடுப்பார். அம்மாவாக நடித்த டயான் கீட்டனுக்கு அப்போது 57 வயது. ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. வசூல் உலகம் முழுக்க 25 கோடி டாலருக்கு மேல். எல்லோரும் கூச்சத்தோடேயே டிக்கெட் வாங்கியிருப்பார்கள் போல.

சரி, உங்கள் ‘கல்லூரிக்குப் போகிற மகள்’ விஷயத்துக்கு வருகிறேன். நிக்கோல் ஹோலொஃப்செனரின் ‘இனஃப் செட்’ (2013) பாருங்கள். மகள் வெளியூர்க் கல்லூரிக்குக் கிளம்புகிறாள், வீடு காலியாகப்போகிறது. அந்த பயத்தில் அம்மா ஈவா, மகளின் தோழியைக் கூப்பிட்டு உட்கார வைத்துத் தாய்ப்பாசம் பொழிகிறாள்! மகளை வைத்துக்கொண்டு எப்படிக் காதலிப்பது என்கிறீர்கள். மகள் போகிறாள் என்பதில்தான் கதையே தொடங்குகிறது.

மசாஜ் தொழில் செய்யும் ஈவாவுக்கு ஒரு விருந்தில் ஆல்பர்ட் அறிமுகமாகிறான். குண்டு, வழுக்கை, நல்ல மனுஷன். அதே விருந்தில் ஒரு கவிஞரும் பழக்கமாகி வாடிக்கையாளராகிறாள். மசாஜ் மேஜையில் படுத்தபடி முன்னாள் கணவனைத் திட்டித் தீர்க்கிறாள். அந்தக் கணவன் ஆல்பர்ட்தான் என்று தெரிந்த பிறகும் ஈவா வாயைத் திறப்பதில்லை. இலவசமாக விமர்சனம் கிடைக்கிறதே, விடுவாளா? அதுவரை கண்ணில் படாத குறையெல்லாம் அப்புறம் ஒவ்வொன்றாகப் பட ஆரம்பிக்கிறது. நண்பர்கள் வீட்டு விருந்தில் அவன் உடம்பைப் பற்றி அவள் அடிக்கும் ஜோக்குகளைக் கேட்டு, முன்னாள் மனைவியோடு சாப்பிட உட்கார்ந்தது போல இருந்தது என்று நொந்து போகிறான் ஆல்பர்ட். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்ற இடம் அது.

இருபது வயதுக் காதலுக்கு அப்பாவோ பணமோ குறுக்கே நிற்கும். ஹீரோ சண்டை போட்டு ஜெயித்துவிடலாம். ஒருமுறை சூடுபட்டுவிட்டு இந்த முறை ஏமாறக்கூடாது என்று பூதக்கண்ணாடியோடு வருபவர்களை என்ன செய்வது? இதில் காமெடி இல்லையென்றால் வேறு எதில் இருக்கிறது?

ஆல்பர்ட்டாக நடித்த ஜேம்ஸ் கண்டோல்ஃபினி, டிவி தொடரில் மாஃபியா தலைவனாக வந்து மிரட்டியவர். படம் வெளிவர மூன்று மாதம் இருக்கும்போது, 51 வயதில் இறந்துபோனார். அந்த முகம் கெஞ்சலும் கூச்சமுமாகக் காதலிப்பதைப் பார்க்கவாவது ஒருமுறை உட்காருங்கள். தனியாகப் பார்க்கச் சங்கடம் என்றால் மகளையும் கூப்பிடுங்கள். அவள் நெளிய மாட்டாள்.