பிறிஸ்பேன் றோட் மாமா பதில்கள்

(பிறிஸ்பேன் றோட் மைதானத்தில் ஆடுகிற எங்கட கிழக்கு லண்டன் கழகம் லேய்ற்றன் ஓரியன்ற் வெம்பிளியில் தோற்றதைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதப்போய், இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் உதைபந்தாட்டக் கேள்விகள். மூட்டுவலிக்கும் மீன்குழம்புக்கும் பதில் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கோ.)

ஈஸ்ற்ஹாம் வாசகர்: 2025 மே 25 அன்று சார்ள்ரன் கழகத்திடம் தோற்றபோது அழுதீர்களா? உண்மையைச் சொல்லுங்கோ.

அழவில்லை. தோசை சாப்பிட்டேன்.

2002இலிருந்து எந்த ஆட்டத்துக்குப் போனாலும் இடைவேளையில் தோசையும் சம்பலும்தான். மனுசி காலையிலேயே சுற்றித் தந்துவிடுவா. ஆனால் அன்றைக்கு இடைவேளையில் இறங்கவில்லை. முதல் பாதியிலேயே கில்லெஸ்பி என்ற சார்ள்ரன்காரர் ஒரு ஃபிறீ கிக்கை நேராக வலைக்குள் கொண்டுபோய்ச் செருகிவிட்டார். மிச்ச நேரம் முழுக்கப் பந்து எங்கட காலில்தான் நிறைய இருந்தது மாதிரி எனக்கு ஒரு ஞாபகம். தோற்றவனுக்கு எப்பவும் அப்படித்தான் ஞாபகம் இருக்கும். முடிவு 1-0.

வெம்பிளி பார்க் நிலையத்துக்குப் போகிற வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றபோதுதான் பொதியை அவிழ்த்தேன். பக்கத்துக் கதிரைக்காரர், பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர், எழுபத்தெட்டு வயது, இருபது வருடமாக என் தோசையைப் பார்த்து மூக்கைச் சுளித்தவர், அன்றைக்குக் கையை நீட்டினார். பாதியைக் கொடுத்தேன். இருவரும் ஒன்றும் கதைக்கவில்லை.

அவருக்கும் எனக்கும் அந்தத் திகதியோடு பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. 2014இலும் மே 25, அன்றும் ஞாயிற்றுக்கிழமை, அதே வெம்பிளி, அதே லீக் வன் பிளே ஓஃப் இறுதியாட்டம், அதாவது மூன்றாம் அடுக்கிலிருந்து இரண்டாம் அடுக்குக்கு ஏறுவதற்கான கடைசி ஆட்டம். றொதர்ஹாமுக்கு எதிராக இடைவேளையில் 2-0 என்று முன்னுக்கு நின்றோம். ஒடுபாஜோ அடித்த முதல் கோலை இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்கலாம். பிறகு றெவெல் என்ற மனிசன் இரண்டைத் திருப்பி அடித்தான். அதில் இரண்டாவது, எங்கேயோ தூரத்தில் நின்று பந்து நிலத்தில் படமுதலே அடித்தது. பெனால்ரியில் போனோம். அப்போது அழுதேன், அது உண்மை. இந்த முறை பிந்தித்தான் விளங்கியது: 0-1 என்று தோற்பது 2-0இலிருந்து தோற்பதைவிட எவ்வளவோ சுகம்.

வோல்த்தம்ஸ்ரோ மாணவன்: மாமா, சார்லி கெல்மன் எங்களைத் தோற்கடித்த சார்ள்ரனுக்கே போய்விட்டாரே! இது துரோகம் இல்லையா?

தம்பி, முதலில் அவர் எங்கட பெடியனே இல்லை. குயீன்ஸ் பார்க் றேஞ்சர்ஸ் ஒரு வருடத்துக்கு இரவல் தந்த பெடியன். லீக்கில் மட்டும் 21 கோல், அந்தப் பிரிவிலேயே அதிகம். இரவலாக வந்தவர் ஒரு வருடம் வேர்வை சிந்திவிட்டுப் போயிருக்கிறார். அவருடைய கழகம் அவரைச் சார்ள்ரனுக்கு விற்றது. எங்களிடம் கேட்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை.

எங்கட ஊரில் கலியாண வீட்டுக்கு இரவல் சங்கிலி போட்டுக்கொண்டு போவார்கள். படத்தில் கழுத்து நிறைந்திருக்கும். அடுத்த நாள் காலையில் சொந்தக்காரி வாசலில் நிற்பா. 2024-25 பருவத்து ஓரியன்ற் அணியின் படத்தை எடுத்துப் பார். முன்னுக்குக் கெல்மன், இரவல். நடுவில் ஜேமி டொன்லி, ரொட்டன்ஹாம் இரவல். பந்துக்காப்பாளர் ஜோஷ் கீலி, அவரும் ரொட்டன்ஹாம் இரவல். கீலி காத்தது மட்டுமில்லை, எல்லா அடுக்குக் கழகங்களும் மோதுகிற எஃப்.ஏ. கிண்ணத்தில் ஓல்டமுக்கு எதிராகத் தோற்கப்போகிற நேரத்தில் மற்றப் பக்கத்துக்கு ஓடிப்போய்ச் சமநிலைக் கோலும் போட்டார். பந்துக்காப்பாளர் கோல் போட்டு நான் நேரில் பார்த்தது வாழ்க்கையில் அந்த ஒரு தரம்தான்.

2025 கோடையில் யார் எங்கே போனார்கள் என்ற கணக்கைப் பார். கெல்மன் சார்ள்ரனில். டொன்லி ஸ்ரோக் சிற்றிக்கு, திரும்பவும் இரவலாக. எங்களுக்கே சொந்தமாக இருந்த ஈதன் கல்பிறெய்த் சுவான்சிக்கு. மூன்று பேரும் எங்களுக்கு மேலே ஒரு அடுக்கில். கீலி போனது லூட்டனுக்கு, அவர்கள் கீழே இறங்கி எங்கட அடுக்குக்கே வந்திருக்கிறார்கள். ஆகவே, அவரை எதிரணி வலையில் பார்க்கிற பாக்கியமும் உண்டு. நான் எழும்பி நின்று கைதட்டுவேன். பக்கத்துக் கதிரைக்காரர் தட்டமாட்டார் என்று இப்பவே சொல்லிவிட்டார்.

இரவலை இளக்காரமாக நினைக்காதே. 2011 ஜனவரியில் ரொட்டன்ஹாம் ஒரு 17 வயதுப் பெடியனை அனுப்பியது. வோல்த்தம்ஸ்ரோவில் பிறந்தவன், உன்ர ஊர்க்காரன். மெல்லிசு, வேகமும் பெரிதாக இல்லை. 18 ஆட்டத்தில் 5 கோல். ‘பரவாயில்லை’ என்று சொன்னேன், அவ்வளவுதான். பெயர் ஹரி கேன், பிறகு இங்கிலாந்து அணிக்கே தலைவனானவன். ஒன்பது வருடம் கழித்து, கொரோனாக் காலத்தில் கழகம் வருமானமில்லாமல் நின்றபோது, எங்கட ஜேர்சியின் விளம்பர இடத்தைத் தன் காசில் வாங்கி, முன்களப் பணியாளருக்கு நன்றி சொல்லவும், ஒரு சிறுவர் மருத்துவ இல்லத்துக்கும், ஒரு மனநலத் தொண்டு நிறுவனத்துக்கும் கொடுத்தான். அந்த ஜேர்சி என்னிடம் இருக்கிறது. அலுமாரியில் கலியாணக் கூறைக்குப் பக்கத்தில்.

இல்ஃபோர்ட் வாசகி: மன்செஸ்ரர் சிற்றிக்கு எதிரான அந்தக் கோல் டொன்லிக்கா, கோல் கீப்பருக்கா? வீட்டில் இன்னும் சண்டை.

ஏட்டில் சிற்றியின் காப்பாளர் ஓர்ட்டேகாவின் சொந்தக் கோல். 2025 பெப்ரவரி 8, எஃப்.ஏ. கிண்ணம் நான்காம் சுற்று. மைதானத்தின் நடுக்கோட்டுக்குக் கிட்ட நின்று டொன்லி அடித்த பந்து மேல் கம்பத்தில் பட்டு, பின்னால் ஓடிவந்த காப்பாளரின் உடம்பில் பட்டு உள்ளே போனது. அவர் அங்கே நிற்காவிட்டால் அது கோலே இல்லை என்பது உங்கள் கணவரின் வாதமாக இருக்கும். சட்டப்படி அவர் சரி. மற்ற எல்லாப்படியும் நீங்கள் சரி.

அதற்கு முந்தின சுற்றில் டேர்பியைப் பெனால்ரியில் கழித்துவிட்டு வந்திருந்தோம். சிற்றி கடைசியில் 2-1 என்று வென்றது, இரண்டாவது கோலைப் போட தங்கட நட்சத்திர ஆட்டக்காரர் டி பிறாய்னையே களத்தில் இறக்க வேண்டியிருந்தது.

ஸ்காபரோ (கனடா) வாசகர்: கிழக்கு லண்டன் கழகத்துக்கு ‘ஓரியன்ற்’ என்று ஏன் பெயர்? கிழக்கு என்பதாலா?

நானும் முதல் பத்து வருடம் அப்படித்தான் நினைத்தேன். இல்லை, கப்பல். 1888இல் பெயர் மாற்ற யோசித்தபோது, ஓரியன்ற் கப்பல் கம்பனியில் வேலை செய்த ஆட்டக்காரர் ஒருவர் சொன்ன பெயர் என்று கழகத்தின் கதை. இப்போதும் சின்னத்தில் சிறகுள்ள கடல் நாகங்கள் இரண்டு பந்தைக் காவல் காக்கும்.

அந்தக் கம்பனியின் கப்பல்கள் லண்டனிலிருந்து அவுஸ்திரேலியா போகிற வழியில் கொழும்பில் தரித்துப் போனவை. என்ர பெரியப்பா கொழும்புத் துறைமுகத்தில் கிளாக்கர். ‘இன்றைக்கு ஓரியன்ற் வருது, பிந்தித்தான் வருவன்’ என்று சொல்லிவிட்டுப் போவாராம், பெரியம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். 1989இல் லண்டன் வந்து, லேய்ற்றன் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் ரில்லில் (காசு வாங்குகிற இடத்தில்) நின்றபோது, சனிக்கிழமைகளில் சிவப்பு ஸ்காஃப் கட்டிய கிழவர்கள் ‘ஓரியன்ற், ஓரியன்ற்’ என்று சொல்லிக்கொண்டு போவார்கள். எங்கேயோ கேட்ட சொல்லாக இருக்கிறதே என்று பார்க்கப் போனவன்தான். ஆட்டம் படுமோசம். அடுத்த கிழமையும் போனேன்.

ஹரோ வாசகி: என் மகன் கேட்கிறான், பக்கத்தில் ஆர்சனல் இருக்க ஏன் மாமா வெல்லாத கழகத்தைப் பிடித்துக்கொண்டு திரிகிறார்?

என் மகனும் ஆர்சனல்தான், பிள்ளை. ஒரு ரிக்கற் எடுக்க அவன் படுகிற பாட்டைப் பார்த்திருக்கிறேன். 1978இல் கிண்ண அரையிறுதியில் எங்களை 3-0 என்று அடித்ததும் அதே ஆர்சனல்தான், அதை நான் அவனுக்கு ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஞாபகப்படுத்துவேன்.

வெல்லாத கழகம் என்பது பிழை. 2019இல் ஐந்தாம் அடுக்கான நாஷனல் லீக் வெற்றி, 2023இல் நாலாம் அடுக்கான லீக் ரூ வெற்றி. முதலாவதைத் தந்த பயிற்றுநர் ஜஸ்ரின் எடின்பரோ. கிண்ணத்தைத் தூக்கி ஆறு கிழமை, மாரடைப்பு. ஜூன் 8. 49 வயது. இப்போது மேற்குப் பக்க அரங்குக்கு அவர் பெயர். அதற்கு எதிர்ப்பக்கம்தான் என் கதிரை, ஒவ்வொரு ஆட்டமும் அந்தப் பெயரைப் பார்த்தபடி.

சவுத்ஹோல் வாசகர்: அமெரிக்க முதலீட்டாளர்கள் வந்திருக்கிறார்கள். இனி ஹொலிவூட் நடிகர்கள் வாங்கி மேலே ஏறிய றெக்ஸம் கழகம் மாதிரிப் பறக்குமா?

காசு வந்தால் பறக்கும், வராவிட்டால் நடக்கும். நான் முதலாளிமாரைப் பற்றி அதிகம் கனவு காண்கிறதில்லை. 1994இல் அப்போதைய முதலாளியின் கோப்பி வியாபாரம் றுவண்டாவில் இருந்தது. அங்கே நடந்த கொலைவெறியில் அது அழிய, இங்கே சம்பளம் நின்றது. எங்கேயோ ஆபிரிக்காவில் நாடு எரிய லேய்ற்றனில் ஒரு கழகம் சாகக் கிடந்தது. மறு வருடம் பரி ஹேர்ன் 5 பவுணுக்கு வாங்கினார். ஐந்து. பூச்சியம் எதுவும் விடுபடவில்லை.

அவர் 2014இல் ஒரு இத்தாலியருக்கு விற்றார். அதன்பிறகு பயிற்றுநர்கள் கடையில் வேலைக்கு வருகிற மாணவர் மாதிரி மாறிக்கொண்டே இருந்தார்கள். 2017இல், 112 வருடத்துக்குப் பிறகு, மேல் நாலு அடுக்கான லீக்கை விட்டே விழுந்தோம். அந்தக் கோடையில் நைஜல் ட்றவிசும் கென்ற் ரீகும் வந்து தூக்கினார்கள். டான் ஹாப் என்ற எங்கட அக்கடமிப் பெடியன் அந்தப் பள்ளத்திலிருந்து மூன்றாம் அடுக்கு வரை அணியோடு ஏறி வந்தவன். முதலாளியைக் கேட்டீர்கள், எனக்கு அவன்தான் ஞாபகம் வருகிறான்.

லூசியம் வாசகர்: இந்த 2025-26 பருவம் எத்தனையாம் இடம் வருவோம்?

பதினொன்று.

சரி, கொஞ்சம் நீட்டுகிறேன். போன முறை பேர்மிங்ஹாம் 111 புள்ளி எடுத்து ஓடிவிட்டது. நாங்கள் 78 எடுத்து ஆறாம் இடத்தில் தொங்கிக்கொண்டு பிளே ஓஃபுக்குள் நுழைந்தோம். கோல் போட்டவர், பந்தைக் கொடுத்தவர், காத்தவர் மூவரும் போய்விட்டார்கள். பயிற்றுநர் றிச்சி வெலன்ஸ் இருக்கிறார், அது பெரிய விசயம். 46 ஆட்டத்துக்குள் அவர் புதுப் பெடியளை ஒருவர் பெயரை ஒருவருக்குப் பழக்கி எடுக்க ஒக்ரோபர் ஆகும். அதற்குள் கீழே கிடந்தால் யாரும் பதறவேண்டாம், போன முறையும் தொடக்கம் அப்படித்தான். பக்கத்துக் கதிரைக்காரர் பதினெட்டு என்கிறார். அவர் 1963இலிருந்து பார்க்கிறார். ஓரியன்ற் முதலாம் அடுக்கில் இருந்த ஒரே ஒரு பருவம் முடிந்த கையோடு சேர்ந்தவர், அதனால் எதிலும் நல்லதை எதிர்பார்க்கமாட்டார்.

பாசையூர் வாசகர்: மார்கழியில் மகளிடம் லண்டன் வருகிறேன். சென். அன்ரனிஸ் ஆட்டம் பார்த்து வளர்ந்தவன். உங்கட மைதானத்துக்குக் கூட்டிப்போவீர்களா?

கட்டாயம் அண்ணை. நாவாந்துறை சென். மேரிசுக்கும் உங்களுக்கும் நடக்கிற ஆட்டத்தில் கோட்டுக்கு வெளியே நிற்கிறவன் பேசுகிற பேச்சு இருக்கிறதே, அது பிறிஸ்பேன் றோட்டில் அப்படியே கேட்கும், பாஷை மட்டும் வேறு. மொத்தம் சுமார் 9,000 பேர் கொள்ளும். மூலைக்கு மூலை மாடிக் குடியிருப்பு, ஆட்கள் பல்கனியில் தேத்தண்ணியோடு நின்று காசில்லாமல் பார்ப்பார்கள். ஆட்டக்காரர் மூச்சு வாங்குகிறதே காதில் விழும்.

சென்ட்ரல் லைனில் லேய்ற்றனில் இறங்குங்கோ, நான் நிலைய வாசலில் நிற்பேன். போகிற வழியில் கொறொனேஷன் பூங்காவில் லோறி கனிங்ஹாமின் சிலையைக் காட்டுகிறேன். ஓரியன்றில் தொடங்கி றியல் மட்ரிட் வரை போன கறுப்பினப் பெடியன். உள்ளே நீண்ட காற்சட்டை இரண்டு போடுங்கோ, காலுறையும் இரண்டு. சனிக்கிழமை மூன்று மணி ஆட்டத்துக்கு நாலு மணிக்கே இருட்டும். தோசை நான் கொண்டு வருவேன், ஆனால் இப்போது மூன்று பேருக்குக் கட்ட வேண்டும் என்று மனுசியிடம் இன்னும் சொல்லவில்லை.