தொங்கும் காற்றுச்செடிகள்: கேட்டதும் சொன்னதும்

மண் இல்லாமல் வளரும் டில்லான்சியா செடிகளைத் தொங்கவிட்டு வளர்ப்பவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

தினமும் ஸ்பிரே அடிக்கிறேன், அப்படியும் அடிப்பகுதி கறுத்துப்போய் நடு இலைகள் கையோடு வந்துவிட்டன. தண்ணீர் போதவில்லையா?

போதாமல் இல்லை, காயவில்லை. இந்தச் செடிகள் தாகத்தில் சாவதைவிட அழுகிச் சாவதுதான் அதிகம். குருத்து கையோடு வந்துவிட்டால் அந்தச் செடி அநேகமாக முடிந்தது. ஆனாலும் உடனே எறியாதீர்கள். அழுகிய இலைகளை உரித்துவிட்டு, மிச்சத்தைக் காற்றோட்டமான இடத்தில் காயவிடுங்கள். சில நேரம் பக்கத்திலிருந்து ஒரு கன்று கிளம்பும்.

அடுத்த செடிக்கு, நாள் தவறாமல் ஸ்பிரே அடிப்பதற்குப் பதிலாக வாரம் ஒருமுறை 20 முதல் 30 நிமிடம் தண்ணீரில் முக்கி வையுங்கள். எடுத்ததும் தலைகீழாகப் பிடித்து நன்றாக உதறுங்கள். அப்படியே கவிழ்த்து வைத்தால் 4 மணி நேரத்துக்குள் காய்ந்துவிட வேண்டும். காயாவிட்டால் மின்விசிறி போடுங்கள். சாம்பல் நிறச் செடியைக் கவனித்துப் பாருங்கள். தண்ணீரில் போட்டதும் சாம்பல் மறைந்து பச்சை தெரியும், காயக் காய சாம்பல் திரும்பி வரும். அதை வைத்து இலை காய்ந்ததா என்று கண்டுபிடிக்கலாம். ஆனால் இலைகள் ஒன்றுசேரும் அடிப்பகுதி கடைசியில்தான் காயும். அங்கே விரல் வைத்துப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

அது ஏன் நிறம் மாறுகிறது? வேரில்லாமல் எப்படித்தான் தண்ணீர் குடிக்கிறது?

வேர் உண்டு, மரத்தையோ பாறையையோ பிடித்துக்கொள்ள மட்டும். குடிப்பது இலை. இலை முழுக்க நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. காய்ந்திருக்கும்போது அவை ஒளியைத் திருப்பி அனுப்புவதால் செடி வெள்ளிபோலத் தெரியும். நனைந்தால் கண்ணாடிபோல ஆகிவிடும், உள்ளே இருக்கும் பச்சை தெரியும். செதில் அதிகமாகச் சாம்பல் பூத்த வகைகள் வறட்சியைத் தாங்கும், வெளிச்சமும் கூடுதலாகக் கேட்கும். வழவழப்பான பச்சை வகைகளுக்கு ஈரம் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். டெக்டோரம் என்ற வகை பஞ்சு சுற்றியதுபோல இருக்கும், அதை மட்டும் முக்கவே வேண்டாம், ஸ்பிரே போதும். அடியில் வெங்காயம்போல உப்பிய பல்போசாவையும் ஊறப்போடாதீர்கள், உள்ளே தண்ணீர் தங்கிவிடும்.

இரவு வேலை முடிந்து வந்துதான் நனைக்க நேரம் கிடைக்கிறது. பரவாயில்லையா அக்கா?

காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பெரும்பாலான டில்லான்சியாக்கள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறக்கும். கரியமில வாயுவை அப்போதுதான் உள்ளே இழுக்கும். அந்த நேரத்தில் இலைமேல் தண்ணீர் படலமாக நின்றால் வாயு உள்ளே போவது தடைப்படும். காலையில் முடியவே முடியாது என்றால், விடுமுறை நாள் காலை ஒன்று போதும்.

செம்புக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், பார்க்க அழகாக இருக்கிறது.

இன்றே அவிழ்த்துவிடுங்கள். செம்பு இவற்றுக்கு நஞ்சு. நைலான் நரம்போ அலுமினியக் கம்பியோ போதும். அப்புறம் இன்னொன்று: அழுகலைப் பார்த்துப் பதறி, மற்ற செடிகளுக்கு அடிக்கும் செம்பு கலந்த பூஞ்சைமருந்தை இதன்மேல் அடிப்பவர்கள் உண்டு. அழுகல் கொல்வதற்கு முன் மருந்தே கொன்றுவிடும்.

கண்ணாடி உருண்டைக்குள் வைக்கலாமா?

வாய் அகலமாக இருந்தால் வைக்கலாம். முழுக்கக் காய்ந்த பிறகு உள்ளே வையுங்கள், நேர் வெயில் படும் இடத்தில் மாட்டாதீர்கள். கண்ணாடிக்குள் செடி வெந்துவிடும். எனக்கு அந்த உருண்டைகளே பிடிக்காது, அது வேறு விஷயம்.

தாடிபோலத் தொங்கும் ஸ்பானிஷ் மாஸ் வெளியே பச்சையாகவும் உள்ளே பழுப்பாகவும் இருக்கிறது.

கொத்து அடர்த்தியாகிவிட்டது. உள்ளே காற்றும் வெளிச்சமும் போகவில்லை. காய்ந்த இழைகளை இழுத்தெடுத்துவிட்டு, மிச்சத்தை நாலைந்து மெல்லிய கொத்துகளாகப் பிரித்து விரித்துத் தொங்கவிடுங்கள். நூல்போல மெல்லியது என்பதால் சீக்கிரம் காயும், அதனால் மற்ற வகைகளைவிட அடிக்கடி நனைக்க வேண்டியிருக்கும்.

எங்கள் அயோனாந்தா வகைச் செடி சிவந்து, ஊதாப் பூ விட்டது. இப்போது வாடுகிறதே, என்ன தப்பு செய்தேன்?

ஒரு தப்பும் இல்லை. ஒரு தண்டு ஒருமுறைதான் பூக்கும், பிறகு அடியில் கன்றுகள் விட்டுவிட்டு மெல்ல ஓய்ந்துபோகும், அதற்குப் பல மாதங்கள் ஆகலாம். தாயில் மூன்றில் ஒரு பங்கு அளவாவது வளர்ந்தபின் கன்றைப் பிரிக்கலாம். நான் பிரிப்பதில்லை. விட்டுவைத்தால் எல்லாம் சேர்ந்து பந்தாக வளரும், தொங்கவிட அதைப்போல அழகு கிடையாது.

உரம், தண்ணீர் பற்றி?

மழைத்தண்ணீர் இருந்தால் வேறெதுவும் வேண்டாம். உப்புத்தண்ணீர் செதில்களில் வெள்ளையாகப் படிந்து அடைத்துவிடும். ஆர்.ஓ. தண்ணீர் ஆபத்தில்லை, சத்தும் இல்லை. மாதம் ஒருமுறை ஆர்க்கிட் உரத்தைச் சொன்ன அளவில் கால் பங்காகக் கரைத்து ஊற்றுங்கள். வாங்கும்போது அதில் செம்பு எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.